குளிர்ந்த மாளிகையும் மின்சாரச் சிக்கனமும்



தலைநகராகிய டில்லியில் வைகாசித் திங்களின் வெயில் எத்தகையது என்பதை இங்கு வாழும் தமிழர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நண்பகலில் வெப்பமானி 44 டிகிரியைக் காட்டும். 'லூ' என்று இவ்வூரார் கூறும் அனற்காற்று முகத்தில் அறையும். பஸ்ஸுக்குக் காத்து நிற்போர் துண்டால் தலையையும் காதையும் மூடிக்கொண்டு நிற்பர். அத்தகைய ஒரு நண்பகலில் எங்கள் அலுவலகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவுக்குள் நுழைபவர் ஒரு விந்தையைக் காண்பார். எங்களுள் இருவர் கம்பளிச் சட்டை அணிந்திருப்பர். ஒருவர் சால்வை போர்த்திக்கொண்டு அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பார். தலைக்கு மேலே குளிர்காற்று வரும் சட்டத்தின்மீது பழைய கோப்பு அட்டைகள் பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கும். அப்படியும் குளிர் தாங்காதவர் எழுந்து சென்று சன்னலைச் சிறிது திறந்து வைப்பார். வெளியே 44 டிகிரி. உள்ளே 20 டிகிரி. இடையில் அந்தத் திறந்த சன்னல்!

மும்பையிலும் ஐதராபாத்திலும் கொல்கத்தாவிலும் பெரிய கட்டடங்களில் பணிபுரியும் நேயர்கள் இதைக் கேட்டுத் தமக்குள் நகைத்துக்கொண்டிருப்பர் என்று நம்புகிறோம். இது ஓர் ஊருக்கோ ஓர் அலுவலகத்துக்கோ உரிய குறையன்று. வங்கியிலும் உண்டு, மருத்துவமனையிலும் உண்டு, திரைப்பட அரங்கிலும் உண்டு. கோடையில் குளிரால் நடுங்குவதற்கு நாம் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அவ்விலை எங்கே போகிறது, அதைக் குறைக்க வழியுண்டா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பெரிய கட்டடங்களில் குளிர்ச்சி உண்டாகும் முறையை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். வீட்டில் சுவரில் மாட்டியிருக்கும் ஏ.சி. பெட்டியைப் போன்றதன்று அது. அடித்தளத்திலோ மொட்டை மாடியிலோ சில்லர் என்னும் பெரிய யந்திரம் இருக்கும். அது தண்ணீரை ஏறத்தாழ 7 டிகிரி வரை குளிர்விக்கும். அத்தண்ணீரைப் பம்புகள் ஒவ்வொரு மாடிக்கும் அனுப்பும். மாடிதோறும் ஓர் அறையில் ஏ.எச்.யு. என்று அழைக்கப்படும் பெட்டி உண்டு. அதனுள் இருக்கும் பெரிய விசிறி, தண்ணீரோடும் குழாய்ச் சுருளின் ஊடே காற்றைத் தள்ளிக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும். நம்முடைய அறையிலுள்ள வெப்பத்தை ஏற்றுக்கொண்ட தண்ணீர் 12 டிகிரியாகச் சில்லருக்குத் திரும்பும். அங்கே பறிக்கப்பட்ட வெப்பம் வேறொரு தண்ணீரில் ஏறி, மொட்டை மாடியிலுள்ள கூலிங் டவரில் ஆவியாகி வானத்தோடு கலக்கும். ஆக, இந்த ஏற்பாட்டில் விசிறிகளும் பம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு மின்சார மோட்டார் சுழற்றுகிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. சில்லரின் ஆற்றலை இன்றும் 'டன்' என்ற அளவினாலேயே கூறுகின்றனர். இது யந்திரத்தின் எடையன்று. 2,000 ராத்தல் எடையுள்ள ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ, அந்த அளவு. குளிர்ச்சி என்பது பனிக்கட்டியாக விலைக்கு வந்த காலத்தின் எச்சம் இச்சொல். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 1833ஆம் ஆண்டில் கப்பலேறிய பனிக்கட்டி கல்கத்தாவில் வந்திறங்கியது. அதே வணிகத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் எழுந்த கிடங்கைத்தான் நம்மவர் 'ஐஸ் ஹவுஸ்' என்றனர். இன்று அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டியை விலை கொடுத்து வாங்கியவர் ஒரு துண்டு வீணே உருகினாலும் கண்ணால் கண்டனர். இன்று வீணாவது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் வேறுபாடு.

வீண் எவ்வாறு நேர்கிறது? குளிர்சாதன ஆலையைத் திட்டமிடும் பொறியாளர், ஆண்டின் மிகக் கடுமையான நாளை மனத்திற்கொண்டே அதைத் திட்டமிடுகிறார். ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. அவற்றுள் நூற்றுக்கு ஒரு பங்கு நேரம், அதாவது 88 மணி நேரம் மட்டுமே மிஞ்சக்கூடிய வெப்பநிலை எதுவோ, அதைக் கணக்கிற்கொள்வது வழக்கங்களுள் ஒன்று. அதன்மேலும் 'இருக்கட்டும்' என்று சிறிது கூட்டிக்கொள்வார். பின்னர் மோட்டார் வாங்கும்போது கடையில் கிடைக்கும் அடுத்த பெரிய அளவை வாங்குவர். இவ்வாறு கூட்டிக் கூட்டி அமைத்த விசிறி, அந்த 88 மணி நேரத்துக்கு வேண்டிய வேகத்தில், ஆண்டு முழுவதும் ஒரே மூச்சாகச் சுழல்கிறது. கார்த்திகைக் காலையிலும் அதே வேகம். பாதிப்பேர் விடுமுறையில் சென்ற நாளிலும் அதே வேகம். கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அண்டாவில் தினந்தோறும் வீட்டாருக்குச் சமைப்பது போன்றது இது.

காற்று மிகுதியென்று கண்டால் பழைய முறையில் என்ன செய்வர்? காற்றுக்குழாயின் நடுவே உள்ள மடலைப் பாதி மூடுவர். தண்ணீர் மிகுதியென்றால் வால்வைத் திருகுவர். மோட்டாரோ தன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கையால் மாட்டைத் தார்க்குச்சியால் குத்திக்கொண்டே மறு கையால் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்கும் வண்டிக்காரனை எந்தக் கிராமத்தாரும் புத்திசாலி என்று கூறமாட்டார். ஆனால் நகரத்து மாளிகைகளில் பல்லாண்டுகளாக இதுவே நடந்தது.

மோட்டாரையே மெதுவாக ஓட்டினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். அது எளிதன்று. 1888ஆம் ஆண்டில் இத்தாலியில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் தனித்தனியே உலகுக்கு அறிவித்த தூண்டல் மோட்டார்தான் இன்றும் பெரும்பாலான விசிறிகளைச் சுழற்றுகிறது. அதன் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு கட்டுண்டது. நம் நாட்டு மின்சாரம் ஒரு விநாடியில் 50 முழு அலைவுகளாக வருகிறது. இதையே 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். நான்கு துருவங்களுள்ள மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுழலும். மோட்டார் அதற்குச் சற்றுப் பின்தங்கிச் சுழலும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக வரும்வரை மோட்டார் தன் வேகத்தை விட்டுக் குறிப்பிடத்தக்க அளவு இறங்காது.

இக்கட்டை அவிழ்ப்பதுதான் நாம் பேச வந்த கருவி. வரும் மாறுதிசை மின்சாரத்தை அது முதலில் நேர்திசை மின்சாரமாக மாற்றுகிறது. பிறகு விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் மின்னணுச் சாவிகளால் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, வேண்டிய அதிர்வெண்ணில் மீண்டும் மாறுதிசை மின்சாரமாகத் தருகிறது. அதிர்வெண் குறைந்தால் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கிறது. 40 ஹெர்ட்ஸ் கொடுத்தால் மோட்டார் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் சுழலும். 25 கொடுத்தால் பாதி வேகம். மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலும் பழைய மோட்டாரின் அருகில் ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டினாலே போதும்.

இக்கருவிக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டிய பணி ஒருமுறை எங்களிடம் வந்தது. மின்சாரச் சிக்கனம் பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தமிழாக்குமாறு பணித்திருந்தனர். 'மாறுவேக இயக்கி' என்றார் ஒருவர். 'வேகமாற்றி' போதும் என்றார் இன்னொருவர். அரை நாள் விவாதம் நடந்தது. அகராதியால் தீராத வழக்கைத் தொழிலறிந்தவரிடம் கொண்டுபோவதே முறையென்று, எங்கள் மாடியின் கோடியிலிருந்த ஏ.எச்.யு. அறைக்குச் சென்றோம். அங்கே பணிபுரிந்தவர் தருமபுரி மாவட்டத்து இளைஞர். பாலிடெக்னிக்கில் பயின்று ஒப்பந்த வேலையாக டில்லிக்கு வந்தவர். "தம்பி, இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்?" என்று கேட்டோம். "டிரைவ் சார்" என்றார். எங்கள் இரு சொற்களையும் கேட்டுவிட்டு, "சொல்லலாம் சார். ஆனால் 'டிரைவ்' என்றால்தான் கடையில் கொடுப்பான்" என்றார். நாங்களும் பணிந்து, பிரசுரத்தில் டிரைவ் என்றே எழுதினோம்.

ஆனால் அன்று அங்கே கற்றது ஒரு சொல்லை மட்டும் அன்று. டிரைவின் முகப்பில் ஒரு சிறு திரையிருந்தது. அதில் 50.0 என்ற எண் ஒளிர்ந்தது. "இது எப்போது குறையும்?" என்று கேட்டோம். "குறையாது சார். கையால் ஐம்பதில் வைத்திருக்கிறேன்" என்றார். அந்த எண்ணின் பொருளை அறிவதற்கு, வேகத்துக்கும் மின்சாரச் செலவுக்கும் உள்ள உறவை நாம் அறிந்தாக வேண்டும். அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஏற்றம் இறைப்பதை நம்முள் மூத்தோர் பார்த்திருக்கலாம். நூறு சால் இறைப்பதற்குப் பட்ட பாட்டில் பாதிப் பாடு பட்டால் ஐம்பது சால் இறைக்கலாம். விசிறியும் அப்படியே என்றுதான் மனம் எண்ணும். அஃது அவ்வாறன்று. விசிறியின் வேகத்தை இரு மடங்காக்கினால் காற்று இரு மடங்கு செல்லும். ஆனால் அந்த இரு மடங்கு காற்று அதே குழாயில் இரு மடங்கு விரைவாக ஓட வேண்டியிருப்பதால், அதைத் தள்ளுவதற்கு நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். இரண்டு மடங்கு காற்று, ஒவ்வொரு கன அடிக்கும் நான்கு மடங்கு அழுத்தம். ஆகவே எட்டு மடங்கு ஆற்றல். இதைத் திருப்பிப் படித்தால் நமக்கு வேண்டிய செய்தி கிடைக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. பாதியும் வேண்டா, ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே போதும். பத்தில் எட்டு என்ற பின்னத்தைத் தன்னோடு தானே மும்முறை பெருக்கிப் பாருங்கள், நூற்றுக்கு 51 வரும். ஐந்தில் ஒரு பங்கு காற்றை விட்டுக்கொடுத்தால் செலவில் ஏறக்குறைய பாதி மிச்சம்! வேறு எந்தக் கடையில் இப்படி ஒரு பேரம் படியும்?

கணக்காகவே பார்ப்போம். 10 கிலோவாட் ஆற்றலை உண்ணும் விசிறி ஒன்று நாளொன்றுக்கு 10 மணி நேரமாக ஆண்டில் 300 நாள் ஓடுகிறது என்க. அது 30,000 யூனிட் செலவழிக்கும். சராசரி 40 ஹெர்ட்ஸில் ஓட்டினால், ஏட்டுக் கணக்கின்படி 15,360 யூனிட். டிரைவே சிறிது மின்சாரத்தை வெப்பமாக்கி உண்ணும். குறைந்த வேகத்தில் மோட்டாரின் திறனும் சற்றுத் தாழும். ஆகவே தாராளமாக 17,000 என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று கொண்டால், 13,000 யூனிட்டுக்கு ஒரு இலட்சத்து முப்பதாயிரம் ரூபாய் மிச்சம். அதுவும் ஒரு விசிறியில், ஓர் ஆண்டில். பல மாடிக் கட்டடத்தில் இத்தகைய விசிறிகள் எத்தனை என்று எண்ணிக்கொள்க.

கூலிங் டவரில் இக்கணக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கும். இரண்டு டவர்களும் இரண்டு விசிறிகளும் உண்டு. வேலை பாதிதான் இருக்கிறது. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றை முழு வேகத்தில் ஓட்டுவதே சிக்கனம் என்று யாருக்கும் தோன்றும். இரண்டையும் பாதி வேகத்தில் ஓட்டினால் எட்டில் ஒன்றும் எட்டில் ஒன்றும் சேர்ந்து கால் பங்குதான் செலவாகும். ஒன்றை நிறுத்துவதைவிட இரண்டையும் ஓட்டுவது மலிவு! இரவில் அண்டை வீட்டார் உறங்கவும் முடியும்.

இப்போது எங்கள் மாடிக்குத் திரும்புவோம். 50.0 என்று நின்ற டிரைவ், விலை கொடுத்து வாங்கிய அந்த மிச்சத்தில் ஒரு காசையும் தரவில்லை. மாறாக, டிரைவ் தான் உண்ணும் பங்கையும் சேர்த்து, டிரைவே இல்லாதிருந்தால் ஆகும் செலவைவிடச் சற்று அதிகமாகவே செலவழித்தது. தொடங்கும்போது மோட்டார் ஆறேழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்காமல் மெல்லக் கிளம்பியது என்னும் ஒரு நன்மை மட்டும் எஞ்சியது. "ஏன் தம்பி கையால் ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டோம். தானாக ஓடும்படி விட்டாலும் அது ஐம்பதுக்கே போய் நிற்கிறது என்றும், காரணம் தெரியவில்லை என்றும் கூறினார். வெக்கை என்று ஓர் அறையிலிருந்து தொலைபேசி வந்தால் தம் வேலைக்கே ஆபத்து என்பதையும் மெல்லச் சொன்னார்.

இது நியாயமான அச்சம். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மாதம் ஆயிரம் யூனிட் மிச்சப்படுத்தினால் அவரைப் பாராட்டுவோர் யாரும் இல்லை. மின்சாரக் கட்டணச் சீட்டு வேறொரு பிரிவுக்குப் போகிறது, அங்குள்ளவர் ஏ.எச்.யு. அறையைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் ஓர் அதிகாரியின் நெற்றியில் வியர்வை அரும்பினால் ஐந்து நிமிடத்தில் அவர் பெயர் கூப்பிடப்படும். அந்நிலையில் நாமாக இருந்தாலும் ஐம்பதில்தான் வைப்போம். டிரைவ்களை வாங்குவோர் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை என்பது எங்கள் கருத்து.

டிரைவைத் தானாக ஓட விட்டபோதும் அது ஐம்பதுக்கு ஏறியது ஏன்? டிரைவுக்குக் கண்ணும் காதும் கிடையாது. அறையிலுள்ள வெப்ப உணர்கருவி என்ன சொல்கிறதோ அதுவே அதற்கு வேதம். அந்த இளைஞரோடு நாங்களும் அவ்வுணர்கருவியைத் தேடினோம். மூன்று அங்குல வெள்ளைப் பெட்டி ஒன்று எங்கள் பிரிவின் சுவரிலேயே இருந்தது. அதற்கு நேர் கீழே ஜெராக்ஸ் யந்திரம். அதன் பக்கத்தில் தேநீர் கொதிக்கும் மின்சாரக் கெட்டில். அங்கிருந்து எழும் சூட்டை முகர்ந்துகொண்டு, அறை 29 டிகிரி என்று அப்பெட்டி நாள் முழுவதும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி விசிறி முழு வேகத்தில் ஓடிற்று. குளிர்நீர் வால்வும் முழுதும் திறந்து கிடந்தது. எங்கள் சால்வைகளுக்குக் காரணம் அதுவே. ஜெராக்ஸ் யந்திரத்தை அவ்விடத்துக்குத் தள்ளி வைத்தவர் யார்? இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேசைகளை மாற்றியமைத்தபோது, இடம் போதவில்லையென்று, நாங்கள்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல எங்களுக்கு வாயில்லை.

உணர்கருவி பின்னர் காற்று திரும்பிச் செல்லும் வழியில் மாற்றி வைக்கப்பட்டது. ஒரு மின்பணியாளரின் அரை நாள் வேலை. சில கஜம் கம்பி.

இனி, இக்கருவி எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் விற்பனைக்கு வருவோர் எல்லா இடத்திலும் பாதி மிச்சம் என்றே கூறுவர். குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பேற்றிருக்கும் நேயர்கள் கவனிக்க: மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கு நாம் கூறிய எட்டு மடங்குக் கணக்குப் பொருந்தாது. அங்கே பெரும்பாடு தண்ணீரை உயரத்துக்குத் தூக்குவதில் இருக்கிறது. அந்த உயரம் வேகத்தைக் குறைத்தால் குறையாது. மிகவும் குறைத்தால் தண்ணீர் மேலே ஏறவே ஏறாது. குளிர்நீர் ஓடும் குழாயோ மூடிய வளையம். ஏறிய தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீர் ஈடு செய்கிறது. அங்கே உராய்வு ஒன்றே பகை. ஆகவே டிரைவ் அங்கே நன்கு பலன் தரும். அங்கும், மாடிகளிலுள்ள வால்வுகள் தேவைக்கேற்ப மூடிக்கொள்ளும் வகையினவாக இருத்தல் வேண்டும். வேண்டாத தண்ணீரை வேறு வழியாகத் திருப்பி அனுப்பும் மும்முனை வால்வுகளை வைத்துக்கொண்டு டிரைவ் மாட்டுவதால் பயனில்லை. அழுத்தத்தை அளக்கும் கருவியைப் பம்பின் அருகிலேயே வைத்துவிடுவதும் ஒரு குறை. கடைக்கோடி மாடியில் வைத்தால்தான் பம்பு நன்றாக இறங்கி ஓடும்.

இன்னொன்று. ஒரு விசிறி எப்போதுமே ஒரே அளவுக்கு மிகையாக ஓடுகிறது, தேவை மாறுவதில்லை என்றால், டிரைவ் எதற்கு? பெல்ட்டால் ஓடும் விசிறியில் கப்பியை மாற்றினால் போதும். செலவு சில ஆயிரம். பழைய மெக்கானிக்குகள் அறிந்த இவ்வித்தையை இன்று யாரும் கேட்பாரில்லை.

சில்லரின் அழுத்தியந்திரத்துக்கும் டிரைவ் பொருத்துகின்றனர். அங்கே ஊருக்கு ஊர் பலன் வேறுபடும். அதை மண்பானையைக் கொண்டு விளக்கலாம். டில்லியின் வறண்ட கோடையில் மண்பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும். மும்பையிலும் சென்னையிலும் காற்றில் ஈரம் மிகுதி. பானை அவ்வளவாகக் குளிராது. கூலிங் டவரும் ஒரு பெரிய மண்பானைதான். டில்லியில் மழை நீங்கிய பின்னரும் பனிக்காலத்திலும் டவர்த் தண்ணீர் மிகவும் குளிர்ந்து வரும். அப்போது அழுத்தியந்திரம் வெப்பத்தை ஏற்ற வேண்டிய படி குறைவு. ஆகவே அது வேகம் குறைந்து ஓடி மிகுந்த சிக்கனம் தரும். கடற்கரை நகரங்களில் ஆண்டு முழுவதும் ஈரம் இருப்பதால் அப்படி குறைவதில்லை. பலனும் அதற்கேற்பக் குறையும். மும்பை அன்பர்கள் டில்லிக் கணக்கை நம்பிச் சில்லருக்கு டிரைவ் வாங்கிவிட வேண்டா. ஏ.எச்.யு. விசிறிக்கு அந்த ஐயம் இல்லை. காற்று மெதுவாகச் சுருளைக் கடந்தால் ஈரம் நன்றாகவே வடியும்.

எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. உள்ளே இருப்போர் மூச்சுக்கு வெளிக்காற்று வேண்டும். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இதை எல்லோர்க்கும் நினைவூட்டியது. சிக்கனம் என்ற பெயரில் வெளிக்காற்றை அடைத்துவிடுவது தகாது. காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று அளக்கும் உணர்கருவி இன்று கிடைக்கிறது. ஆட்கள் குறைந்தால் காற்றைக் குறைக்கவும், நிறைந்தால் கூட்டவும் அது டிரைவுக்குச் சொல்லும்.

இதற்கு மிகவும் ஏற்ற இடம் எது என்றால், நம்மவர் கூடும் சங்க அரங்குகள்தாம். 700 இருக்கைகள் உள்ள அரங்கை எண்ணிப் பாருங்கள். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார். அரங்கு நிறைந்தால் ஆட்களின் வெப்பம் மட்டும் 20 டன். சாதாரணமான ஒரு மாலைக் கச்சேரிக்கு 200 பேர் வந்தால் 6 டன்னுக்கும் குறைவு. ஆனால் விசிறி 700 பேருக்கே ஓடும். முதல் வரிசையில் முதியோர் மஃப்ளர் சுற்றிக்கொண்டிருப்பர். மேடையில் மிருதங்கக்காரர் பாட்டுக்குப் பாட்டு வலந்தலையைச் சேர்த்துக்கொண்டே இருப்பார். குளிரிலும் ஈரம் மாறுவதிலும் தோல் நிலைகொள்வதில்லை. டிரைவ் பொருத்த நிதியில்லை என்று சங்கத்தார் கூறக் கேட்டிருக்கிறோம். மின்சாரக் கட்டணத்துக்கு மட்டும் நிதி எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

அரசின் முயற்சிகளையும் குறிப்பிட வேண்டும். 2001ஆம் ஆண்டில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 2002இல் ஆற்றல் திறன் பணியகம் அமைந்தது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007இல் வந்து, 2017இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் இணைப்பு உள்ள கட்டடங்களை நோக்கி எழுதப்பட்ட அதில், பம்புகளின் வேகத்தை மாற்றும் ஏற்பாடும் இடம்பெற்றுள்ளது. 2022இல் சட்டமே திருத்தப்பட்டது. குளிர்சாதனத்தை 24 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டா என்று 2018இல் மின்துறை அமைச்சகம் பெரிய நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு டிகிரி உயர்த்தினால் நூற்றுக்கு 6 மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. நட்சத்திரக் குறியுள்ள அறைக் குளிர்சாதனப் பெட்டிகள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியிலேயே தொடங்குமாறு அமைகின்றன. 2019இல் வெளியான குளிர்ச்சிச் செயல்திட்டம், 2037-38க்குள் குளிர்ச்சிக்கான ஆற்றல் தேவையை நூற்றுக்கு 25 முதல் 40 வரை குறைப்பதை இலக்காக வைத்தது. இவையெல்லாம் நன்றே. எனினும், சுவரிலுள்ள வெள்ளைப் பெட்டிக்குக் கீழே ஜெராக்ஸ் யந்திரத்தை வைக்கக் கூடாது என்று எந்த விதித்தொகுப்பாலும் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் வந்து சொல்ல முடியாது.

ஆகவே நேயர்கள் தத்தம் கட்டடத்தில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் மாடியின் ஏ.எச்.யு. அறையில் பணிபுரிவோரிடம் அனுமதி கேட்டு, டிரைவின் திரையை ஒருமுறை பாருங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. எண் மாறியிருந்தால் நல்லது. மாதக்கணக்கில் 50 என்றே நின்றால், பொருத்தியவர் வாங்கிய பணம் வீண். புதிதாக வாங்குவோர், பொருத்திய ஓராண்டுக்குப் பின் அந்த எண்ணையும் மின்சார மீட்டரையும் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். டிரைவ்ப் பெட்டியின் தூசியைத் துடைக்கவும், அதன் சிறு விசிறி ஓடுகிறதா என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். டில்லிப் புழுதியில் அது ஒரு பருவத்துக்குமேல் கவனிப்பின்றித் தாங்காது.

எங்கள் மாடியில் கடந்த ஐப்பசி முதல் அந்த எண் பெரும்பாலும் 38ஐ ஒட்டியே நிற்கிறது. 38க்கும் 50க்கும் உள்ள விகிதத்தை மும்முறை பெருக்கினால் நூற்றுக்கு 44 வரும். அறை 25 டிகிரி. சால்வைகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. கோப்பு அட்டைகளை மட்டும் இன்னும் யாரும் எடுக்கவில்லை. கீழ்மாடிகள் மூன்றிலும் இன்றுவரை 50.0தான். அங்கேயும் உணர்கருவிகளைச் சோதிக்க வேண்டும் என்று எழுதிய குறிப்பு கோப்பிலே ஏறியிருக்கிறது. தருமபுரி இளைஞரின் ஒப்பந்தம் வரும் பங்குனியில் முடிகிறது. அதற்குள் அக்கோப்பு இறங்கிவர வேண்டும்.